லொட் இலக்கம் 15: ஸ்டோன்ஹெஞ்ச் யாருடையது?

1915ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி. தென் இங்கிலாந்தில் சோல்ஸ்பரி என்ற நகரத்துத் தியேட்டர் ஒன்றில் ஏலம் நடக்கிறது. முதலாம் உலகப்போர் தொடங்கி ஒரு வருஷம் கடந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பெரிய காணிக்காரக் குடும்பம் ஒன்றின் வாரிசு போரில் செத்துப்போனான். சில மாதங்களில் தகப்பனும் போய்ச் சேர்ந்தார். மிச்சமிருந்தவர்கள் காணிகளைத் துண்டுதுண்டாக விற்கிறார்கள். ஏலப் பட்டியலில் 15ஆவது லொட், 30 ஏக்கர் சொச்சம் புல்தரை. அதன் நடுவில் கொஞ்சம் பெரிய கற்கள்.

செசில் சப் என்ற உள்ளூர் சட்டத்தரணி அதை 6,600 பவுணுக்கு எடுத்தார். மனைவிக்குப் பரிசாக வாங்கினார், மனைவிக்கு அது பிடிக்கவே இல்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. மூன்று வருஷம் கழித்து, 1918இல், அவர் அதை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பார்க்க வருகிற சனத்திடம் ஒரு ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று.

லொட் 15இன் பெயர் ஸ்டோன்ஹெஞ்ச்.

நாலாயிரத்து ஐந்நூறு வருஷப் பழமையான ஒரு கல்வட்டத்துக்கு ஒருவர் கையில் காணி உறுதி இருந்தது என்பது இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் சப்புக்கு முன்னும் பின்னும் அந்தக் கற்களைச் சொந்தம் கொண்டாடாத ஆக்களே இல்லை. அரசர்கள், பாதிரிமார், கட்டடக் கலைஞர்கள், ஹிப்பிகள், பொலிஸ், சுற்றுலாத்துறை எல்லாரும் வரிசையில் நின்றார்கள். எங்கட வாட்ஸ்அப் குழுக்களிலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு வீடியோ சுற்றி வரும். ஒன்றில் வேற்றுக்கிரகவாசிகள் கட்டினது, இல்லாட்டித் தமிழர் கட்டினது. இரண்டையும் அனுப்புகிறது பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

அந்த வீடியோவுக்குக் கோபப்படாமல் பதில் சொல்ல வேணும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதப்போனால் விஷயம் வேற எங்கேயோ கொண்டுபோய் விட்டது.

அங்கே என்னதான் இருக்கிறது?

முதலில் கற்களே இல்லை. கி.மு. 3000 அளவில் அந்தச் சுண்ணாம்புச் சமவெளியில் ஆக்கள் ஒரு வட்டமான அகழியைத் தோண்டினார்கள். குறுக்களவு ஏறக்குறைய 110 மீற்றர். தோண்டிய ஆயுதம் மான் கொம்பு. இரும்பு வர இன்னும் இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் இருந்தது. அகழிக்கு உட்புறமாக வட்டத்தில் 56 குழிகள். பல குழிகளிலும் அவற்றைச் சுற்றியும் எரித்த மனித எலும்புகள் கிடைத்தன. அதாவது தொடக்கத்தில் அது செத்தவர்களுக்கான இடம்.

இன்றைக்குப் படங்களில் பார்க்கிற பெரிய கற்கள் கி.மு. 2500 அளவில் வந்தவை. சார்சன் என்று சொல்லப்படும் கடினமான மணற்கல். 30 கற்களை வட்டமாக நிறுத்தி, அவற்றின் தலைக்கு மேலே விட்டம்போலக் கற்களைப் படுக்கவைத்துச் சுற்றி மூடுவதுதான் திட்டம். அந்த வட்டத்துக்குள்ளே குதிரைலாட வடிவில் ஐந்து பெரிய வாசல்கள். ஒவ்வொரு வாசலும் இரண்டு நிலைக்கற்கள், மேலே ஒரு விட்டக்கல். மிகப்பெரிய கல் 30 தொன்னுக்கு மேல் வரும்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது கற்களின் பாரம் இல்லை. நிற்கிற கல்லின் தலையில் ஒரு குமிழ் செதுக்கியிருக்கிறார்கள். படுக்கிற கல்லின் அடியில் அந்தக் குமிழ் போய் உட்காருகிற மாதிரி ஒரு குழி. பக்கத்துப் பக்கத்து விட்டக்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பூட்டிக்கொள்கின்றன. இது தச்சன் மரத்தில் செய்கிற வேலை. மரத்தில் வீடு கட்டிப் பழகிய கைகள் அதே வேலையைக் கல்லில் செய்திருக்கின்றன, இன்னொரு கல்லால் கொத்திக் கொத்தி. நிலம் கொஞ்சம் சரிவு. ஆனால் மேலே போகிற விட்டக்கற்கள் மட்டமாகத்தான் போகின்றன. கோடையின் மிக நீண்ட பகலில் சூரியன் உதிக்கிற திசையையும், மாரியின் மிகக் குறுகிய பகலில் சூரியன் மறைகிற திசையையும் ஒரே கோட்டில் பிடித்துத்தான் முழு அமைப்பையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

பெரிய கற்களுக்கு இடையில் சிறிய கற்களும் நிற்கின்றன. நீலக்கற்கள் என்று பெயர். சிறியவை என்றாலும் தொன் கணக்கில் பாரம் வரும்.

யார் கட்டினது என்று கேட்ட ஒவ்வொருவரும்

1136 அளவில் மொன்மத் ஜெப்ரி என்ற பாதிரியார் பிரித்தானிய அரசர்களின் வரலாறு என்று ஒரு புத்தகம் எழுதினார். மெர்லின் என்ற மந்திரவாதி அயர்லாந்திலிருந்து கற்களைக் கொண்டுவந்து நிறுத்தினான் என்பது அவருடைய கதை. அவருக்கு மந்திரமும் வேணும், மண்ணின் மைந்தர்களான அரசர்களும் வேணும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தது.

17ஆம் நூற்றாண்டில் முதலாம் ஜேம்ஸ் அரசர் தன்னுடைய கட்டடக் கலைஞரான இனிகோ ஜோன்ஸிடம் இதை ஆராயச் சொன்னார். ஜோன்ஸ் இத்தாலிக்குப் போய் ரோமக் கட்டடங்களைப் படித்துவிட்டு வந்தவர். அவர் கண்ட முடிவு: ரோமர் கட்டிய கோயில். பழைய பிரித்தானியர் காட்டுமிராண்டிகள், அவர்களால் இப்படி ஒன்றைக் கட்ட ஏலாது என்பதுதான் வாதத்தின் அடிப்படை. அவர் செத்த பிறகு, 1655இல், அது புத்தகமாக வந்தது. 1663இல் வோல்டர் சார்ல்டன் அதை மறுத்து எழுதினார். டென்மார்க்குக்காரர் அரசனைத் தெரிவுசெய்து முடிசூட்டுவதற்காகக் கட்டினதாம். சார்ல்டன் இரண்டாம் சார்ள்ஸ் அரசரின் வைத்தியர். உள்நாட்டுப் போர் முடிந்து, மன்னராட்சி திரும்ப வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் கற்களும் முடிசூட்டு விழாவைப் பற்றியே கதைக்கத் தொடங்கியது தற்செயல் இல்லை.

அதே காலத்தில் ஜோன் ஓப்ரி என்றொருவர் இருந்தார். அவர் புத்தகத்தை விட்டுக் கற்களைப் பார்த்தார், அளந்தார். ரோமர் போகாத இடங்களிலும் இப்படியான வட்டங்கள் நிற்கின்றன, ஆகவே இவை ரோமருக்கு முந்திய உள்ளூர் ஆக்களின் வேலை என்றார். ஆள் சரியான பாதையில்தான் போனார். ஆனால் அந்தக் காலத்தில் ரோமருக்கு முந்திய பிரித்தானியர் என்றால் ஞாபகம் வருகிற ஒரே பெயர் ட்ரூயிட் பூசாரிகள். ஓப்ரி அந்தப் பெயரைச் சந்தேகத்தோடுதான் சொன்னார். 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டூக்லி அதை ஒரு மதமாகவே ஆக்கிவிட்டார். ஸ்டூக்லி நடுவில் பாதிரியாரானவர். அவருடைய ட்ரூயிட்கள் கிறிஸ்தவத்துக்கு முன்னமே கிறிஸ்தவர்கள்போல நம்பிக்கை வைத்தவர்கள்.

ட்ரூயிட்களைப் பற்றி ரோமர் எழுதிவைத்தது கி.மு. முதலாம் நூற்றாண்டில். கற்கள் நின்றது அதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னர். எங்களுக்கும் யேசுவுக்கும் இடையில் இருக்கிற தூரம் அது. இருந்தும் இன்றைக்கும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ட்ரூயிட்கள் அங்கே வருகிறார்கள்.

விஞ்ஞானம் வந்த பிறகாவது இது நின்றதா என்றால், இல்லை. 1953இல் ரிச்சர்ட் அட்கின்சன் என்ற தொல்லியலாளர் ஒரு கல்லில் குறுவாள் ஒன்றின் செதுக்கலைக் கண்டுபிடித்தார். அது கிரேக்கத்தின் மைசீனியாவில் கிடைத்த குறுவாள்போல அவருக்குப் பட்டது. வடக்கு ஐரோப்பாவில் நாகரிகம் என்பது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்ததுதான் என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். ஆகவே மைசீனியாவிலிருந்து வந்த ஒரு சிற்பி இதைக் கட்டுவித்திருக்கலாம் என்று அட்கின்சன் 1956இல் எழுதினார். பிறகு கதிரியக்கக் காபன் முறையில் கிடைத்த காலக்கணிப்புகளை மரங்களின் வருட வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். பார்த்தால் பெரிய கற்கள் மைசீனியாவின் செழிப்புக் காலத்துக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் முந்தியவை. பேரன் வந்து தாத்தாவுக்கு வீடு கட்டிக் கொடுத்த கதையாகிவிட்டது. 1973இல் கொலின் ரென்பிரூ இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதியபோது, ஐரோப்பிய வரலாற்றின் அடித்தளமே ஒரு தடவை ஆடிப்போனது.

இந்த வரிசையில் ஒன்று திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். கட்டியது யாராக இருந்தாலும் பரவாயில்லை, அந்த மண்ணில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த விவசாயிகளாக மட்டும் இருக்கக்கூடாது. ஆபிரிக்காவில் கிரேட் சிம்பாப்வேயின் கல் நகரத்தைப் பார்த்த வெள்ளைக்காரர் பினீசியர் கட்டினது என்று சொன்னதும் இதே புத்திதான். அங்கே கறுப்பர்களுக்குச் செய்ததை இங்கே தங்கட நிலத்துப் பழைய ஆக்களுக்கே செய்திருக்கிறார்கள். எங்கட வீடியோவில் வருகிற வேற்றுக்கிரகவாசி இந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்கிற ஆள். அவ்வளவுதான்.

தமிழர் கட்டினதா?

வீடியோவின் மற்றப் பாதிக்கும் பதில் சொல்லத்தான் வேணும். தமிழ்நாட்டில் கல்வட்டங்கள் இருக்கின்றன, உண்மை. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் கல்வட்டங்களுக்கு நடுவில் பலகைக் கற்களால் அடைத்த கல்லறைகள் இருக்கின்றன. தென்னிந்தியா முழுக்க நெடுநிலைக் கற்கள், கல்திட்டைகள், ஈமத்தாழிகள். இவற்றையும் பெருங்கற்காலம் என்றுதான் சொல்கிறோம், ஸ்டோன்ஹெஞ்சையும் பெருங்கல் அமைப்பு என்றுதான் சொல்கிறோம். சொல் ஒன்று என்பதால் ஆக்களும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் கொடுமணல் வகையான கல்லறைகள் கி.மு. முதலாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை. இரும்பு தெரிந்த ஆக்கள் செய்தவை. ஸ்டோன்ஹெஞ்ச் அதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு மேல் முந்தியது. இரும்பே இல்லாத காலம். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்பதற்கு ஒரு ஓடு, ஒரு மணி, ஒரு எலும்புகூடச் சாட்சி இல்லை. செத்தவர்களை மறக்காமல் இருக்க வேணும் என்றால் மனுசர் எங்கே இருந்தாலும் கல்லைத்தான் தேடியிருக்கிறார்கள். அதற்கு ஒருவர் மற்றவரிடம் படிக்க வேண்டியதில்லை.

கற்கள் சொல்கிற ஊர்ப்பெயர்கள்

சரி, கட்டியது யார்? கடந்த நூறு வருஷ ஆராய்ச்சியில் பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அதுவும் கற்களிடமிருந்தும் எலும்புகளிடமிருந்தும்தான் வந்தது.

1923இல் எச். எச். தோமஸ் என்ற புவியியலாளர் நீலக்கற்கள் மேற்கு வேல்ஸின் பிரசெலி மலைகளிலிருந்து வந்தவை என்று நிறுவினார். நேர்கோட்டில் பார்த்தாலே 200 கிலோமீற்றருக்கு மேல். பெரிய சார்சன் கற்கள் எங்கிருந்து வந்தன என்பது 2020 வரைக்கும் உறுதியாகவில்லை. அது தெரிந்த கதை சுவாரசியமானது. 1958இல் உடைந்திருந்த ஒரு கல்லைத் திருத்தும்போது அதில் துளைபோட்டுக் கம்பி ஏற்றினார்கள். துளையிலிருந்து வந்த நீண்ட கல் உருளையை வேலைசெய்த ஒருவர் நினைவுக்காக எடுத்து வைத்துக்கொண்டார். அறுபது வருஷம் அவரோடேயே இருந்தது. தொண்ணூறு வயதாகிற நேரத்தில் திருப்பிக் கொடுத்தார். அந்த உருளையைப் பகுப்பாய்வு செய்துதான், மிச்சமிருக்கிற 52 சார்சன்களில் 50 வடக்கே 25 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற வெஸ்ட் வூட்ஸ் காட்டுப் பகுதியிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்தார்கள்.

2024இல் இன்னொரு அதிர்ச்சி. நடுவில் விழுந்து கிடக்கிற, பலிபீடக் கல் என்று பெயர் வைத்திருக்கிற ஆறு தொன் கல்லும் வேல்ஸிலிருந்து வந்தது என்றுதான் நூறு வருஷமாக நம்பியிருந்தார்கள். அதன் கனிமத் துகள்களின் வயதை அளந்துபார்த்தால் அது வடகிழக்கு ஸ்கொட்லாந்துப் பாறை. குறைந்தது 700 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் இலங்கையின் நீளமே 430 சொச்சம்தான். சில்லும் இல்லாமல், நல்ல றோட்டும் இல்லாமல் அந்தக் கல் இதைவிடக் கூடிய தூரம் வந்திருக்கிறது.

ஆக்களும் அப்படித்தான். எரித்துப் புதைக்கப்பட்ட 25 பேரின் எலும்புகளை 2018இல் ஆராய்ந்தபோது, குறைந்தது 10 பேர் அந்தச் சுண்ணாம்பு நிலத்தில் வாழ்ந்தவர்கள் இல்லை, சிலர் வேல்ஸ் பக்கத்து ஆக்களாக இருக்கலாம் என்று தெரிந்தது. மூன்று கிலோமீற்றர் தள்ளி டரிங்டன் வோல்ஸ் என்ற இடத்தில், பெரிய கற்களை நிறுத்திய காலத்துக் குடியிருப்பு கிடைத்திருக்கிறது. அங்கே பன்றி எலும்பு குவிந்து கிடக்கிறது. பல்லைப் பார்த்தால் பல பன்றிகள் ஒன்பது மாத வயதில் வெட்டப்பட்டவை. வசந்தத்தில் பிறந்தவை, மாரி நடுவில் விருந்தாகியிருக்கின்றன. அந்தப் பகுதியின் விருந்துப் பன்றிகளும் உள்ளூரில் மட்டும் வளர்ந்தவை இல்லை. பிரித்தானியாவின் தூர மூலைகளிலிருந்தும் ஓட்டிவந்திருக்கிறார்கள்.

அதாவது இது ஒரு ஊர்ச் சனம் தங்களுக்காகக் கட்டிய கோயில் இல்லை. வேறு வேறு இடத்துச் சனம் தங்கட மலையிலிருந்து கல்லையும், தங்கட பட்டியிலிருந்து பன்றியையும், தங்கட செத்தவர்களின் சாம்பலையும் கொண்டுவந்து கூடிய இடம்.

அந்தச் சனத்தின் வேர் எங்கே என்று மரபணு ஆராய்ச்சி இன்னொன்றும் சொல்கிறது. ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டிய விவசாயிகளின் முன்னோர்கள் இன்றைய துருக்கிப் பக்கமிருந்து, மத்தியதரைக் கடற்கரை வழியாகத் தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வந்தவர்கள். கி.மு. 4000 அளவில் பிரித்தானியாவில் இறங்கியவர்கள். அதே சனம் அங்கேயே தொடர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பெரிய கற்கள் எழும்பிய கையோடு, கி.மு. 2450 அளவிலிருந்து, ஐரோப்பாக் கண்டத்திலிருந்து புதிய ஆக்கள் வருகிறார்கள். மணி வடிவ மண்குவளைகளோடும் செம்போடும் வருகிறார்கள். சில நூறு வருஷங்களில் பிரித்தானியச் சனத்தின் மரபணு ஏறக்குறைய 90 வீதம் மாறிப்போய்விட்டது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஆனால் வந்தவர்கள் கற்களைத் தள்ளி விழுத்தவில்லை. நீலக்கற்களை இடம் மாற்றினார்கள், சுற்றிவரத் தங்கட மேடுகளைக் கட்டித் தங்கட ஆக்களைப் புதைத்தார்கள். 2002இல் பக்கத்து அம்ஸ்பரியில் ஒரு வில்லாளியின் புதைகுழி கிடைத்தது. கி.மு. 2300 அளவு. பொன் அணி, செம்புக் கத்தி, அம்புமுனைகள் என்று நூறு அளவு பொருட்கள் கூட வைத்திருந்தார்கள். பல்லை ஆராய்ந்தால் அவன் வளர்ந்தது அல்ப்ஸ் மலைப் பக்கம். நொண்டிக்காலோடு அவ்வளவு தூரம் வந்து, ஸ்டோன்ஹெஞ்சுக்குக் கிட்ட அடங்கியிருக்கிறான்.

இப்ப திரும்பவும் கேட்போம். இது யாருடையது? கட்டியவர்களின் இரத்தம் இன்றைய ஆங்கிலேயரில் மிகக் குறைவு. கட்டியவர்களே வந்தவர்களின் பிள்ளைகள். கற்களிலும் ஒரு பகுதி வேல்ஸ், ஸ்கொட்லாந்து. ஆங்கிலேயரின் பெருமைச் சின்னம் என்று சொல்கிற இடத்தில், ஆங்கிலேயர் என்று ஒரு இனம் உருவாக இன்னும் மூவாயிரம் வருஷம் இருந்தது.

உடைத்தவர்களும் காத்தவர்களும்

ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் ஏவ்பரி இருக்கிறது. அதன் கல்வட்டம் இன்னும் பெரியது. ஒரு கிராமமே உள்ளே இருக்கிறது. மத்திய காலத்தில் அந்தக் கிராமத்து ஆக்கள் பல கற்களைக் குழிவெட்டிப் புதைத்தார்கள். 1938இல் அப்படிப் புதைந்திருந்த ஒரு கல்லைத் தோண்டியபோது அதன் கீழே ஒரு மனுசனின் எலும்புக்கூடு. கூடவே கத்தரிக்கோல், 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து நாணயங்கள். நாவிதராக இருந்திருக்கலாம். பிறகு 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் புதைப்பதோடு நிற்கவில்லை. கல்லைச் சுற்றி நெருப்புப் போட்டு, சூடானதும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அடித்துப் பிளந்தார்கள். அந்தக் கற்கள் வீட்டுச் சுவராயின. அந்த மண்ணில் தலைமுறைகளாக இருந்த ஆக்கள்தான் இதைச் செய்தார்கள். அவர்களுக்கு வீடு தேவைப்பட்டது, கல் சும்மா நின்றது.

1871இல் வட்டத்துக்குள் புது வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜோன் லபக் என்ற பாராளுமன்ற உறுப்பினர் அந்தக் காணியை வாங்கிவிட்டார். 1882இல் பிரித்தானியாவின் முதலாவது தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் அவருடைய முயற்சியில்தான் வந்தது. 1930களில் மாமலேட் வியாபாரக் குடும்பத்துப் பணக்காரரான அலெக்சாண்டர் கீலர் வந்தார். புதைந்த கற்களைத் தோண்டி நிறுத்தினார். உடைந்து இல்லாமல்போன கற்களின் இடத்தில் கொங்கிறீற் தூண் போட்டார். பழையபடி வட்டம் தெரிய வேணும் என்று வட்டத்துக்குள் இருந்த வீடுகளை வாங்கி இடிக்கவும் தொடங்கினார். மரபுரிமையைக் காக்க வந்தவருக்குச் சனமும் அந்த இடத்தின் பகுதிதான் என்பது மறந்துபோனது. இந்தப் பகுதியை வாசிக்கும்போது எங்கட நாட்டில் இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஸ்டோன்ஹெஞ்சிலும் காத்தல் என்பது அடியாக மாறிய ஒரு நாள் உண்டு. 1974இலிருந்து ஒவ்வொரு கோடையும் இளைஞர்கள் அங்கே இலவச விழா நடத்திவந்தார்கள். கற்களுக்குச் சேதம் என்று 1985இல் தடை போட்டார்கள். யூன் 1ஆம் திகதி வாகனங்களில் வந்துகொண்டிருந்தவர்களைப் பொலிஸ் வழிமறித்து ஒரு அவரை வயலுக்குள் அடித்து நொறுக்கியது. ஒரே நாளில் 500க்கு மேற்பட்டவர்கள் கைது. பத்து வருஷம் கழித்து அதே நாளில் கற்களுக்குக் கிட்ட றோட்டோரம் அமைதியாக நின்ற சிலரையும் பிடித்தார்கள். அந்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. பொதுப் பாதையில் அமைதியாகக் கூடுவது குற்றமில்லை என்று 1999இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம், 2000இல், கோடைச் சூரியன் உதிக்கிற அந்த ஒரு இரவு கற்களுக்கு நடுவில் போய் நிற்க எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள், காசில்லாமல்.

எங்கட மேடுகள்

எங்கட தீவிலும் பெருங்கற்கால அடக்கங்கள் இருக்கின்றன. வடமேற்கில் பொம்பரிப்பில் ஈமத்தாழிகள். தம்புள்ளைக்குக் கிட்ட இப்பன்கட்டுவவில் பலகைக் கற்களால் பெட்டிபோல அடைத்த கல்லறைகள். யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டையில் 1980இல் தோண்டியபோது எலும்புக்கூடுகளும், பிராமி எழுத்துப் பொறித்த ஒரு முத்திரையும். மூன்று இடத்திலும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் வருகிறது. தென்னிந்தியாவிலும் அதேதான். இன்றைக்கு ஒரு இடத்தில் சிங்களச் சனம், இன்னொரு இடத்தில் தமிழ்ச் சனம். அடக்கம் செய்த முறையோ ஒரே உலகத்தைச் சேர்ந்தது.

ஆனால் இங்கே ஒரு மேட்டைத் தோண்டப்போகிறார்கள் என்றாலே, மண்வெட்டி படுவதற்கு முன்னமே இரண்டு பக்கமும் முடிவு எழுதி வைத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் பலகை நடும், மற்றப் பக்கம் மறியல் நடத்தும். பலகை நடுகிறவர்களிடம் அதிகாரமும் ஆயுதமும் இருப்பதால் இரண்டும் ஒன்று இல்லை, அதைச் சொல்லத்தான் வேணும். ஆனால் கேள்வி ஒன்றுதான்: இது எங்கட இனத்துடையதா, உங்கட இனத்துடையதா? இனிகோ ஜோன்ஸும் சார்ல்டனும் கேட்ட அதே கேள்வி. அந்தக் கேள்விக்கு ஸ்டோன்ஹெஞ்ச் எண்ணூறு வருஷம் பதில் சொல்லவில்லை. கல் எந்த மலையிலிருந்து வந்தது, பன்றி எத்தனை மாதத்தில் வெட்டப்பட்டது, இந்த ஆள் எங்கே வளர்ந்தான் என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் பதில் சொல்லத் தொடங்கியது.

ஆனைக்கோட்டையில் புதைக்கப்பட்ட அந்த மனுசர் என்ன சாப்பிட்டார்கள், எங்கே பிறந்தார்கள், எந்த நோயில் செத்தார்கள் என்று என் வகுப்பில் ஒருநாளும் சொல்லித்தரவில்லை. முத்திரை எந்த மொழி என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வீடியோ அனுப்புகிறவருக்கு நான் அனுப்பப்போகிற பதில் இதுதான்: அண்ணை, தமிழர் கட்டினது இல்லை, வேற்றுக்கிரகவாசியும் கட்டினது இல்லை. தூரத் தூரத்து ஊர்களிலிருந்து கல்லும் பன்றியும் கொண்டுவந்த ஆக்கள் கூடிக் கட்டினது. பிறகு வேற ஆக்கள் வந்தார்கள், அவர்களும் அங்கேயே தங்கட செத்தவர்களைப் புதைத்தார்கள். நேரம் கிடைத்தால் ஒருக்கா ஆனைக்கோட்டைப் பக்கம் போய், அந்த இடம் இப்ப எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கோ. வரும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ. குழுவில் அதைப் போடலாம்.